கூப்பனில் இரண்டாவது பெயர்

வார இதழின் நடுப்பக்கத்தில், வண்ணக் கட்டத்துக்குள் அந்த அறிவிப்பு வெளியாகியிருந்தது. ‘மாபெரும் சொல்லாக்கப் போட்டி! உங்கள் திறமைக்கு ஓர் சவால்!’

“ஓர் சவாலாம், ஓர் சவால்!” என்று புள்ளி சார் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் மறுத்துப் பேசவில்லை. மனைவி இருந்த காலமாக இருந்தால், “ஒரு சவால்னு வெச்சுக்கிட்டுப் படிங்களேன், என்ன குறைஞ்சுடும்?” என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்திருக்கும். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, மூன்றாம் மாடியின் அந்த இரண்டறை வீட்டில், அவருடைய கோபங்கள் யாவும் கேட்க ஆளின்றித் தாமே சூடு ஆறிப்போயின.

அவர் ஒரு நாளேட்டில் தலைமுடி நரைக்கும்வரை பிழைதிருத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான். கண்ணும் கையும் ஓய்வு பெறவில்லை. குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ‘தண்ணிர் இன்று வராது’ என்று எழுதியிருந்தால், தண்ணீர் வராதது பற்றி அவர் கவலைப்படமாட்டார்; ‘ணி’யை ‘ணீ’ ஆக்கிவிட்டுத்தான் மாடி ஏறுவார். மெய்யெழுத்துகளின் தலையில் விடுபட்ட புள்ளிகளையெல்லாம் சிவப்பு மையால் வைத்து வைத்தே புள்ளி சார் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் அழைப்பது அவருக்குத் தெரியும்.

போட்டி இதுதான். அடுத்த மாதம் தொடங்கவிருக்கும் தொடர்கதையின் தலைப்பு, ‘பாலைவனத்தில் ஒரு படகோட்டி’. அந்தத் தலைப்பில் உள்ள எழுத்துகளைக் கொண்டு மட்டும் சொற்களை உருவாக்க வேண்டும். தலைப்பில் ஓர் எழுத்து ஒருமுறை வந்திருந்தால் சொல்லிலும் ஒருமுறைதான் வரலாம். பிழையான சொல் ஒன்று இருந்தாலும் பட்டியல் முழுவதும் தள்ளுபடி. மிக நீண்ட பட்டியலை அனுப்புபவருக்கு மடிக்கணினி ஒன்றும், இதழில் புகைப்படத்துடன் ஒரு பக்கப் பேட்டியும் பரிசு.

மடிக்கணினியை எந்த மடியில் வைத்துக்கொள்வது என்பது அவருக்கு விளங்கவில்லை. பேட்டிதான் உள்ளே போய்த் தைத்தது. அந்த இதழுக்கு ஆண்டுக்கணக்காகச் சந்தா கட்டிவரும் வாசகர் அவர். அதன் பிழைகளை வாரந்தோறும் திருத்தி அஞ்சலில் அனுப்பியும் வந்தார். ஒரு வரி பதில் கிடையாது, பிழைகளும் குறைந்தபாடில்லை. இப்போது அவர்களே தங்கள் பக்கத்தில் அவருடைய பெயரை, அதுவும் பிழையில்லாமல், அச்சிட நேர்ந்தால் எப்படி இருக்கும்! கரும்பு தின்னக் கூலி கொடுக்கிறார்கள், வேண்டாம் என்பதற்கு அவருக்கென்ன பைத்தியமா?

உடனே உட்கார்ந்துவிட்டார். பாடல், கோல், வலை, படல், பாத்தி, பருத்தி என்று சொற்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. வட்டில் வந்தது, வட்டியும் வந்தது. ஒருத்தி என்ற சொல் கிடைத்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மீண்டும் எழுதினார். ஐயத்துக்கு இடமான சொற்களை அகராதியில் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, காலையில் போட்ட தேநீர் ஆடை படிந்து அப்படியே இருந்தது. பட்டியல் முடிந்திருந்தது. இதைவிட நீளமான பட்டியலை ஒருவன் எழுதினால் அவன் பொய்ச்சொல் புகுத்தியவனாகத்தான் இருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் அறிவிப்பின் அடியில், எறும்பு ஊர்வதுபோல் அச்சாகியிருந்த கடைசி வரிகளைப் படித்தார். ‘ஏற்கெனவே சந்தாதாரராக உள்ளவர்கள், புதிய சந்தாதாரர் ஒருவரை அறிமுகப்படுத்தினால் மட்டுமே போட்டியில் கலந்துகொள்ள முடியும். கூப்பனில் இருவர் பெயரும் இருத்தல் வேண்டும். புதிய சந்தாதாரரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்வோம்.’

கூப்பனில் இரண்டு கோடுகள் இருந்தன. முதல் கோட்டில் தம் பெயரை அழகாக எழுதினார். இரண்டாவது கோட்டின்மேல் பேனா நின்றது. அந்தக் கோட்டில் எழுத ஒரு பெயர், ஒரே ஒரு மனிதரின் பெயர் வேண்டும். மறுவாரம் வெள்ளிக்கிழமை மாலைவரை அவகாசம் இருந்தது.

முதலில் முடிதிருத்துநரிடம் போனார். வெட்டிக்கொள்ளும் அளவுக்கு முடி இல்லைதான். இருந்தாலும் நாற்காலியில் உட்காராமல் பேச்சைத் தொடங்குவது எப்படி?

“வாங்க சார், வாங்க. இருக்கிறதையும் எடுத்துடணுமா?”

“ஓரமா மட்டும் எடுப்பா.” கழுத்தில் துணி ஏறியதும் இதழைப் பற்றியும் சந்தாவைப் பற்றியும் சொன்னார்.

முடிதிருத்துநர் கத்தரியை நிறுத்திக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “நம்ம கடைக்குத்தான் அது வாராவாரம் வருதே சார். போன மாசம் நீங்கதானே அதுல சிவப்பு மையில கிறுக்கிவெச்சுட்டுப் போனீங்க? அடுத்து வந்தவரு, இது என்ன பரீட்சைத் தாளாங்கறாரு!”

“கிறுக்கல் இல்லப்பா. திருத்தம்.”

“அட, திருத்தமாவே இருக்கட்டும். நீங்களும் திருத்துநரு, நானும் திருத்துநரு. ஒரே வித்தியாசம் என்ன தெரியுமா? எங்கிட்ட வர்றவங்க எந்திரிச்சுப் போறப்ப கண்ணாடியப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவாங்க.”

காத்திருந்த இருவரும் சிரித்தார்கள். புள்ளி சாரும் சிரித்துவைத்தார். துணியை உதறியபோது விழுந்த முடி ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை.

அடுத்தது தரைத்தளத்துத் தையற்காரம்மா. அவர் சன்னலோரத்தில் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, குடியிருப்பில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதை ஊசி நூலோடு சேர்த்துக் கோத்துக்கொண்டிருப்பவர். மாடிக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனாலும் புள்ளி சார் அவரோடு நின்று பேசியது ஒரே ஒரு முறைதான். அன்று பேசியதும் அவருடைய கடைப் பலகையில் இருந்த பிழையைப் பற்றி.

“சந்தாவா?” என்றார் அந்த அம்மாள், பல்லிடுக்கில் இருந்த நூலை எடுக்காமலே. “பேரு எழுதணுமா? கையெழுத்தும் போடணுமா?”

“ஆமாம்மா. ஒரு பேர்தான்.”

“வேணாம் சார். போர்டுல ஒரு எழுத்துக்கே என்னை அரைமணி நேரம் வெயில்ல நிக்கவெச்சீங்க. கையெழுத்துல எத்தன தப்பு கண்டுபிடிப்பீங்களோ! எம்பேரு எனக்கே மறந்துபோயிடும்.”

“அப்படியெல்லாம் பார்க்கமாட்டேம்மா.”

“பாக்காம இருக்க உங்களால முடியுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார். கேலியாகத்தான் தொடங்கினார், ஆனால் கேட்டு முடிக்கும்போது அது உண்மையான கேள்வியாகவே ஆகிவிட்டது. இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

பூங்காவில் நாள்தோறும் எதிரே நடந்துவரும் வங்கிக்காரர், “இப்பல்லாம் எல்லாமே போன்ல வந்துடுதே!” என்று நடையை நிறுத்தாமலே சொல்லிப் போனார். மறு சுற்றில் எதிர்ப்பட்டபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சந்தா கேட்பவனைக் கண்டால் கடன் கேட்பவனைக் கண்டதுபோல் மனிதர்கள் ஒதுங்குவார்கள் என்பது அவருக்குப் புதிய செய்தி. தாமும் இத்தனை காலம் அப்படித்தான் ஒதுங்கி வந்தவர் என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நினைவுக்கு வந்தது.

சொற்கள் இவ்வளவு இருக்கின்றன. கோட்டில் எழுத ஒரு பெயர் இல்லை.

மிஞ்சியவள் மகள்தான். அவள் வேறு நகரத்தில், கணவனோடும் வேலையோடும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் அழைப்பாள். பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் போகும்: சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, தூக்கம் வந்ததா. அவரும் ஆயிற்று, ஆயிற்று, வந்தது என்று சொல்லுவார். அதற்குமேல் இருவருக்கும் வழி தெரியாது. மகளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத தகப்பன் அவர். கொடுப்பவன் கையே மேலே இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர். பிள்ளையிடம் கையேந்துவதைவிடப் பசியோடு படுக்கலாம் என்று பிறருக்கு உபதேசமும் செய்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கேள்விகளும் முடிந்த பிறகு அவர் போனை வைக்கவில்லை.

“என்னப்பா? சொல்லுங்க.”

“ஒன்னுமில்லம்மா. இந்த வாரப் பத்திரிகை இருக்கில்ல… அதுக்குச் சந்தா ஒன்னு சேர்க்கணும்னு பாக்கறேன். இங்க யாரும் தோதுப்படல.”

போட்டி என்ற சொல்லை அவர் வாய் எடுக்கவே இல்லை. இந்த வயதில் எழுத்து விளையாட்டா என்று மருமகன் சிரித்துவிட்டால்? மகளே சிரித்துவிட்டால்?

“அவ்ளோதானா?” மகளின் குரலில் ஒரு துள்ளல் வந்தது. “இதுக்கா இவ்ளோ இழுக்கறீங்க? நான் பாத்துக்கறேம்ப்பா. இன்னைக்கே கட்டிடறேன்.” பிறகு வீட்டுக்குள் திரும்பி, “ஏங்க, அப்பா எங்கிட்ட ஒன்னு கேட்டிருக்காருங்க!” என்று அவள் சொன்னது இவர் காதிலும் விழுந்தது. “கேட்டாரா? இன்னைக்கு மழதான் வரும்” என்று மருமகன் சொன்னதும் விழுந்தது.

புள்ளி சாருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கூப்பனின் இரண்டாவது கோட்டில் மகளின் பெயரை எழுதினார். அவள் பள்ளியில் சேர்ந்த நாளில் முதல் நோட்டின் அட்டையில் எழுதியபோது எவ்வளவு கவனமாக எழுதினாரோ, அவ்வளவு கவனம். பட்டியலைப் புதிய தாளில் படியெடுத்தார். வியாழக்கிழமைகளில் இனி ஒரே இதழ் இரண்டு வீடுகளில் போய் விழும். அவர் படிக்கும் பக்கத்தை அவளும் படிப்பாள். தலையங்கத்தைப் பார்த்தாயா என்று கேட்கலாம். நாலாவது கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை கதவுக்கு அடியில் இதழ் வந்து விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்றும் விழுந்தது.

குனிந்து இரண்டையும் எடுத்தார். ஒரே அட்டை, ஒரே நடிகை, ஒரே சிரிப்பு. இரண்டு உறைகளிலும் அவருடைய பெயரே இருந்தது, அவருடைய முகவரியே இருந்தது. எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பவள் மகள். அப்பா பணம் கட்ட முடியாமல் தயங்குகிறார், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அவளாகவே முடிவு செய்து அவர் பெயருக்கே கட்டியிருக்கிறாள். அவள்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர் சொன்னதைக் கேட்ட எந்த மகளும் அதைத்தான் செய்திருப்பாள். அவர் சொல்லாததைக் கேட்பதற்கு அவள் என்ன மந்திரக்காரியா?

இரண்டு இதழ்களையும் மேசைமேல் அருகருகே வைத்தார். ஒருவர் இருக்கும் வீட்டில் இரண்டு இதழ்கள் கிடப்பதைப்போல் அசிங்கமான காட்சி வேறில்லை என்று நினைத்தார். பிறகு ஒன்றை இன்னொன்றின்மேல் அடுக்கினார். அதுவும் சரியாக இல்லை.

இதழின் அலுவலகத்தை அழைத்தார். சந்தாப் பிரிவில் பேசிய பெண் பொறுமைசாலி.

“இதுல என்ன சார் இருக்கு? சந்தாவ உங்க பொண்ணு பேருக்கு மாத்திடலாம். கூப்பனும் லிஸ்டும் நாளைக்குக் காலைல கொண்டு வந்து குடுத்துடுங்க. நாங்க அவங்களுக்கு போன் பண்ணுவோம். ‘ஆமா, நான்தான்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆனா அஞ்சு மணிக்குள்ள சொல்லிடணும் சார். அதுக்கப்புறம் லிஸ்ட மூடிடுவாங்க.”

ஆக, மகளை இப்போதே அழைக்க வேண்டும். வேலை நாளில், வேலை நேரத்தில். போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சன்னலுக்குமாக நடந்தார். நீ செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். அதோடு, எனக்கு உன்னிடம் ஒன்று வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். முதலாவது அவருக்குக் கைவந்த கலை. இரண்டாவதை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

மணி ஒருமுறை ஒலிப்பதற்குள் மகள் எடுத்தாள். “அப்பா! என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?”

“இல்லம்மா, இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப ஏன் வியாழக்கிழமை கூப்பிடறீங்க? நெஞ்சு ஏதாவது…?”

“ஒன்னுமே இல்லம்மா. சொல்றதக் கேளு.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நீ கட்டின சந்தா எம்பேர்லயே வந்திருக்கு. எனக்கு வேண்டியது அது இல்ல. எனக்கு உன் பேர் வேணும்.”

“எம்பேரா? எதுக்குப்பா?”

சொன்னார். போட்டியைச் சொன்னார்; தலைப்பைச் சொன்னார்; பத்திரிகைக்காரர்கள் அவளை அழைத்துக் கேட்பார்கள் என்பதைச் சொன்னார்; முடிதிருத்துநரையும் தையற்காரம்மாவையும்கூடச் சொல்லிவிட்டார். மகள் சிரிப்பை அடக்குகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

“இத ஏம்ப்பா ஞாயித்துக்கிழமையே சொல்லல?”

“சொல்ல வரல.”

“உங்களுக்கா?” என்றாள் மகள். “ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவருக்கா?” அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “போடுங்கப்பா, எம்பேரையே போடுங்க. பத்திரிகையும் எங்க வீட்டுக்கே வரட்டும். மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க, வெச்சுடறேன்.”

மறுநாள் காலையில் அவர் சலவைச் சட்டை அணிந்து, பேருந்து ஏறி, அலுவலகத்துக்கே நேரில் போய் உறையைக் கொடுத்தார். சுவரில் ‘மெதுவாக பேசவும்’ என்று வல்லெழுத்து மிகாமல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். கை பைக்குள் போயிற்று, பேனாவைத் தொட்டது, வெறுங்கையாகவே திரும்பி வந்தது. சந்தாப் பிரிவுப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். திரும்பும் வழியில் யாரோ ஒருவர் மணி கேட்டார். மணியைச் சொன்னதோடு நில்லாமல், வெயில் இன்று குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஐந்து மணி அடித்தது. அவர் காத்திருந்தார். காத்திருக்கப் பொறுக்காமல் அவரே அழைத்தார்.

“சார்…” என்று இழுத்தாள் அந்தப் பெண். “மத்தியானத்துலருந்து மாத்தி மாத்திப் போட்டோம் சார். உங்க பொண்ணு எடுக்கவே இல்ல. முதல்லயே உங்களுக்கும் போட்டேன், லைன் கெடைக்கல.”

அவர் அப்போது பேருந்தில் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

“இப்ப கூப்பிடச் சொல்லட்டுமாம்மா? இப்பவே கூப்பிடுவா.”

“லிஸ்ட மூடி மேல அனுப்பிட்டாங்க சார். என் கையில இல்ல. இவ்ளோ சொல்லு எழுதியிருந்தீங்க, நான்கூட உக்காந்து படிச்சுப் பாத்தேன்…” அவள் உண்மையாகவே வருந்தினாள். “சந்தா இப்போதைக்கு உங்க பேர்லயே ஓடும் சார். ரெண்டு காப்பியும் வந்துட்டிருக்கும்.”

அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். மேசைமேல் அந்த இரண்டு இதழ்களும் கிடந்தன. கோபம் வரவில்லை என்பதுதான் அவருக்கே வியப்பாக இருந்தது. யார்மேல் வருவது?

விளக்குப் போடும் வேளையில் போன் ஒலித்தது. மகள். பின்னால் இரயிலின் தடதடப்பு கேட்டது.

“அப்பா, ஒரு விஷயம் கேளுங்களேன். இன்னைக்கு ஏதோ புது நம்பர்லருந்து விடாம போன். நான் எடுப்பனா? தெரியாத நம்பர்னா தொடாத, தொடாதன்னு போன வருஷம் வாராவாரம் பாடம் நடத்தினீங்களே, அது மண்டையிலயே நிக்குது. எல்லாத்தையும் வெட்டிவிட்டுட்டேன். இப்பல்லாம் எப்படி எப்படி ஏமாத்தறாங்க!” அவள் தன் சாமர்த்தியத்துக்குத் தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள். “அது சரி, உங்க பத்திரிகைக்காரங்க ஏன் இன்னும் கூப்பிடல?”

புள்ளி சார் மேசைமேல் கிடந்த இரண்டு இதழ்களையும் பார்த்தார்.

“அப்பா?… ஐயோ. அவங்களா?”

“அவங்கதாம்மா.”

“ஐயோ அப்பா! ஐயோ! இப்பவே கூப்பிடறேன், நம்பர் இருக்கு…”

“முடிஞ்சுடுச்சும்மா. அஞ்சு மணியோட மூடிட்டாங்க. புது நம்பர் வரும், எடுன்னு நான் நேத்தே சொல்லியிருக்கணும்.”

மகள் அழுகிறாளோ என்று அவர் பயந்தார். ஆனால் வந்தது ஒரு சிரிப்பு. அடக்க அடக்க மீறிக்கொண்டு வந்தது. “உங்க பாடத்தை உலகத்துலயே ஒருத்திதான்ப்பா ஒழுங்காப் படிச்சேன். அதுவும் இப்படி ஆயிடுச்சு பாருங்க!” அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரோடோ சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருடைய தொண்டையே கணக்குப் பார்ப்பதுபோல் கரகரத்தது.

“சரி, என்னதான் எழுதினீங்க? படிங்க, நானாவது கேக்கறேன். இறங்க இன்னும் நேரம் இருக்கு.”

முதற்படியை எடுத்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பாடல். கோல். வலை. படல்.”

“படல்னா என்னப்பா?”

“ஓலையால முடையற கதவு. வேலிக்கு வைப்பாங்க.”

“நான் கேள்விப்பட்டதே இல்ல. படகு இருக்கா?”

“அதுல கோதானேம்மா இருக்கு, கு எங்க இருக்கு?”

“சரிங்க வாத்தியாரே, மேல போங்க.”

மேலே போனார். பத்தி, பாத்தி, பருத்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் “ம்” கொட்டினாள், சில சொற்களுக்கு “அட!” என்றாள். திட்டல் என்றபோது, “அது உங்களுக்குத் தேடாமலே கெடச்சிருக்குமே!” என்றாள். இரயிலின் ஓசை கூடியது. அவர் குரலை உயர்த்தினார். பத்திரிகை அலுவலகத்தில் பிழைபார்ப்பதற்காக ஓர் எழுத்தும் தவறாமல் உரக்கப் படித்துப் பழகிய குரல் அது, ஏறினால் இறங்காது. வட்டில், வருடல், கோடல், திரு. தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய இடைவெளி விட்டு, நிதானமாக, கடைசிச் சொல்வரை படித்து முடித்தார்.

“அவ்வளவுதாம்மா. எப்படி?”

பதில் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரை இருண்டிருந்தது. சுரங்கப் பாதைக்குள் இரயில் போயிருக்க வேண்டும். அவள் எண்ணை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல், இலக்கணப் பிழையோடு, அறிவித்தது.

எந்தச் சொல்லோடு இணைப்பு அறுபட்டுப் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வந்தார். திட்டலுக்கு அவள் சிரித்தது நினைவிருந்தது. வட்டிலுக்கு “ம்” கேட்டதா? கேட்டதுபோலவும் இருந்தது. வருடலுக்கு? அதற்குக் கீழே இருந்த சொற்களையெல்லாம் அவர் இந்தக் கூடத்துக்குத்தான் படித்திருக்கிறார்.

இருட்டிவிட்டது. எழுந்து விளக்கைப் போட்டார். வருடலுக்கு அருகில் ஒரு சிறு கோடு இழுத்து, தாளை மடிக்காமல் போனுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.